முகம்: ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

நமது கரையோரத்தில் முகம் மனிதருக்கு மட்டும் உரியதல்ல. ஆற்றுக்கும் களப்புக்கும் உண்டு. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே நீளும் அது கல்லாற்றிலும் பாலமீன்மடுவிலும் கடலோடு கலக்கிறது. அப்படிக் கலக்கும் இடத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'முகத்துவாரம்'. மாரிவெள்ளத்தில் வயல் மூழ்கினால் "முகத்துவாரம் வெட்டினாத்தான் தண்ணி வடியும்" என்பார்கள் நமது விவசாயிகள். சிங்களத்தில் 'மோதர' என்று வழங்கும் கொழும்புப் பகுதிக்கும் தமிழில் இதே பெயர்தான். துவாரம் வாசல் என்றால், இங்கே முகம் என்பது வாய். முகம் என்ற சொல்லை நெற்றி, கண், மூக்கு என்று மட்டும் விளங்கிக்கொண்டால் இந்தப் பெயர் பிடிபடாது.

இச்சொல் எங்கிருந்து வந்தது? 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இதனை வடமொழி 'முக' என்பதிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. வடமொழியில் அச்சொல்லுக்கு வாய், முகம் என்ற இரு பொருளும் உண்டு. தேவநேயப் பாவாணர் இதை ஏற்கவில்லை. 'மு' என்ற முன்மைக் கருத்துள்ள அடியிலிருந்து முன், முனை, முகம் எல்லாம் கிளைத்தன என்பது அவர் கட்சி. அப்படியென்றால் நமது கல்முனையிலுள்ள 'முனை'யும் முகத்துக்குச் சொந்தக்காரர்தான். 1961 இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டவர்களுள் ஒருவரான பரோ, வடமொழிச் சொல்லே திராவிடத்திலிருந்து போயிருக்கலாம் என்று அதற்கு முன்பே எழுதியவர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் இரண்டு பொருள்கள் மிஞ்சுகின்றன: முன்னால் இருப்பது, திறந்திருப்பது.

இந்தப் பொருளோடுதான் சொல்லின் குடும்பம் பெருகியது. கட்டடத்தின் முன்பக்கம் முகப்பு. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் ஓலை 'திருமுகம்'. அரசன் நேரில் வராத ஊரில் அவனது ஓலையே அவன் முகம். ஒருவரை எதிர்கொண்டு சொல்லும் உபசார வார்த்தை முகமன். ஸலாத்தைக் குறிக்க தமிழ் முஸ்லிம் எழுத்தாளர்கள் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். முகவாய் என்பது மோவாய் ஆனது. பகுதி பாதியானதும் மிகுதி மீதியானதும் போன்ற மாற்றமே இது. எனவே பேச்சில் தேய்ந்த சொல்லையெல்லாம் கொச்சை என்று மாணவரின் கொப்பியில் சிவப்புக்கோடு போடுமுன் நாம் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

உருவத்தில் ஒத்திருந்தும் உறவில்லாத சொற்களும் உண்டு. சுனாமிக்குப் பிறகு நமது ஊர்களில் வீட்டுக்கு வீடு புழங்கிய 'முகாம்', தங்குமிடத்தைக் குறிக்கும் 'மகாம்' என்ற அறபுச் சொல்லின் வழி வந்தது. சீறாப்புராணம் 'முகம்மது' என்று எழுதுவது, அறபு ஹகரத்துக்குக் ககரம் இட்ட பழைய வழக்கம். அப்பெயரின் வேர் புகழைக் குறிக்கும் 'ஹம்து'.

அறபில் முகத்துக்கு 'வஜ்ஹ்' என்பார்கள். அதே வேரிலிருந்துதான் திசையைக் குறிக்கும் 'ஜிஹத்', எதிரெதிரே நிற்பதைக் குறிக்கும் 'முவாஜஹா' ஆகியவை வருகின்றன. எதைக் கொண்டு ஒருவரை எதிர்கொள்கிறோமோ அதுவே வஜ்ஹ் என்று பிக்ஹு நூல்கள் விளக்கம் சொல்கின்றன. அல்பகறாவின் 144 ஆம் வசனம் கிப்லாவை நோக்கி முகத்தைத் திருப்பச் சொல்லும்போது முழு மனிதனும் திரும்புகிறான். இரு மொழியிலும் முகம் என்பது 'எதிர்கொள்ளும் பக்கம்'தான். வஜ்ஹுக்கு முகத்தைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் இல்லை என்பது என் எண்ணம்.

இது வெறும் அகராதிச் சண்டை அல்ல என்பதை 2019 நமக்குக் காட்டியது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்கும், ஏப்ரல் 26 இல் சாய்ந்தமருதில் நடந்த வெடிப்புக்கும் பின்னர், ஏப்ரல் 29 இல் அவசரகால விதியின் கீழ், அடையாளம் காண்பதைத் தடுக்கும் முகமூடல் தடைசெய்யப்பட்டது. அவசரகாலச் சட்டம் ஓகஸ்ட் மாதம் காலாவதியானது. அந்த இடைக்காலத்தில் முகம் முழுதும் திறந்திருந்த பெண்களிடமும் தலைமறைப்பைக் கழற்றச் சொன்ன வாசல்கள் இருந்தன. காதும் முகத்தில் சேர்த்தியா என்று விவாதம் எழுந்தது.

நமது உம்மாமார் இதற்கு விடை தெரிந்தவர்கள். ஷாபிஈ மத்ஹபில் வுழூவுக்குக் கழுவ வேண்டிய முகம் எதுவென்று ஓதல் பள்ளியிலேயே சொல்லித் தருவார்கள்: நீளத்தில் முடி முளைக்கும் இடத்திலிருந்து நாடியின் அடி வரை, அகலத்தில் ஒரு காதிலிருந்து மறு காது வரை. காது முகத்தில் சேராது. அதைத் தடவுவது தனிச் சுன்னத்து. நூற்றாண்டுகளாக ஒவ்வொரு நாளும் கையாலே அளந்து வந்த எல்லை இது. வாசலில் நின்ற காவலாளிக்கு இது தெரியாமல் போனதில் வியப்பில்லை. நமக்குள் எத்தனை பேர் இதை எடுத்து அமைதியாக விளங்கப்படுத்தினோம் என்பதே என் கேள்வி. சட்டம் கேட்டது அடையாளம் காட்டும் முகத்தை. தமிழும் அறபும் நமக்குத் தந்திருப்பது ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் முகத்தை. "அவன் எனக்கு மொகங்குடுத்துப் பேசல்ல" என்று நமது ஊரில் ஒருவர் மனம் நொந்து சொல்லும்போது, குறைப்படுவது இந்த இரண்டாவது முகம் கிடைக்காததைத்தான்.

முகத்தை வைத்து நமது கரையோரத்தில் வழங்கும் சொற்களையும் தொடர்களையும் யாராவது முறையாகத் திரட்ட வேண்டும். மீனவர் வாயிலும், வயல்காரர் வாயிலும், மூத்த உம்மம்மாமார் வாயிலும் அவை இன்னும் இருக்கின்றன. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு தவணைக்குரிய ஒப்படையாக இதை மாணவர்களிடம் கொடுத்தால் அதுவே நல்ல தொடக்கமாகும்.