நிழலும் நீரும் எவருக்கு உரியவை?
பாலைவனக் கோடையும் அரபியர் வகுத்த நெறிகளும்

அரபு மொழியில் வெப்பத்தைச் சுட்டும் சொற்கள் பல உள. கோடையின் உச்சப் பருவம் 'கைள்' எனப்படும். நண்பகற் கொதிப்புக்கு 'ஹாஜிரா' என்று பெயர். வெயிலில் காய்ந்து பாதத்தைச் சுடும் மணலும் கல்லும் 'ரம்ளா' ஆகும். ரமளான் என்னும் மாதப் பெயரும் இவ்வேரிலிருந்தே பிறந்தது என்பர் மொழியறிஞர். இத்தனை நுட்பமாக வெயிலுக்குப் பெயரிட்ட சமுதாயம் அதனை எவ்வாறு தாங்கிற்று? உடல் வலிமையால் மட்டும் என்று எண்ணுவது பிழையாகும். அவர்களைக் காத்தவை அவர்கள் வகுத்துக்கொண்ட நெறிகளே என்பதை வரலாற்றில் நாம் காண்கிறோம்.

முதலாவது, காலத்தைப் பகுத்த நெறி. நண்பகலில் வேலையை நிறுத்தி இளைப்பாறுவது 'கைலூலா' எனப்பட்டது. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் (24:58) ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகலைப் பிறர் அனுமதியின்றி நுழையக் கூடாத மூன்று நேரங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. வணிகக் கூட்டங்கள் கோடையில் இரவில் நடந்து பகலில் தங்கின. குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலமெங்கும் சிதறி வாழ்ந்த பதவீக் குலங்கள் கோடையில் வற்றாத கிணறுகளைச் சுற்றிக் குழுமின. குறைஷியரின் வணிகமும் பருவத்துக்கு இசைந்தே நடந்தது. குளிர்காலத்தில் தெற்கே யமனுக்கும் கோடையில் வடக்கே ஷாமுக்கும் சென்றனர். மக்காவின் செல்வர்க்குத் தாயிஃப் மலைநகரம் கோடைப் புகலிடமாயிற்று.

இரண்டாவது, உடையும் உறையுளும். ஆட்டு உரோமத்தால் நெய்த கருங்கூடாரம் 'பைத்துஷ் ஷஃர்' எனப்படும். அதன் ஓரங்களைத் தூக்கிவிட்டால் காற்று உள்ளே உலவும். பதவீயர் வெப்பத்தை ஈர்க்கும் கறுப்பு அங்கியை ஏன் அணிகின்றனர் என்று அறிவியலாரும் வினவியதுண்டு. 1980இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை இதற்கு விடை கூறிற்று. கறுப்புத் துணி மிகுதியாக ஈர்க்கும் வெப்பம் தோலை எட்டுமுன்னரே வெளியேறிவிடுகிறது. ஆதலால் கறுப்பங்கி அணிந்தாலும் வெள்ளங்கி அணிந்தாலும் உடல் பெறும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே. அங்கி தளர்வாக இருப்பதே இங்கு முதன்மையானது.

மூன்றாவது நெறியே நம் சிந்தனைக்கு மிக உரியது. அது நிழலையும் நீரையும் பொதுவாக்கிய நெறி. வெயில் கடுமையாகும்போது லுஹர் தொழுகையைச் சற்றுத் தணிந்த நேரத்துக்குத் தாமதப்படுத்துமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என்றும், வழியருகே மிகுதியான நீரை வைத்துக்கொண்டு வழிப்போக்கருக்கு மறுப்பவர் இறைவனின் அருட்பார்வையை இழப்பார் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். இவ்வடிப்படையில் ஹனஃபீச் சட்ட அறிஞர்கள் 'ஹக்குஷ் ஷஃபா' என்றோர் உரிமையை வகுத்தனர். 'ஷஃபா' என்பதன் பொருள் உதடு. தாகித்த மனிதனின் உதட்டுக்கும் கால்நடையின் உதட்டுக்கும் நீரில் பங்கு உண்டு என்பதே அதன் கருத்து.

வெயிலைச் சாக்காகக் கூறியோரைத் திருக்குர்ஆன் (9:81) கண்டிக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். ஹிஜ்ரி 9இல் (கி.பி. 630) நிகழ்ந்த தபூக் பயணத்தின்போது வசதியிருந்தும் பின்தங்கியோரைக் குறித்த கண்டனம் அது. அதே அத்தியாயம் (9:91, 92) பலவீனர்களுக்கும் நோயாளிகளுக்கும் பயணத்துக்கு வழியற்ற ஏழைகளுக்கும் விலக்களிக்கிறது. வலியவனுக்குரிய கடமையை எளியவன் மீது சுமத்தலாகாது என்பதே இதன் படிப்பினை.

இந்நெறி கல்லிலும் வடிவம் பெற்றது. கூஃபாவிலிருந்து மக்காவரை 1,400 கிலோமீட்டர் அளவு நீளும் ஹஜ் வழியில் அப்பாசியர் காலத்தில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைந்தன. அவற்றுக்குப் பெருங்கொடை அளித்தவர் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் சுபைதா (மறைவு கி.பி. 831). அவ்வழி இன்றும் 'தர்பு சுபைதா' என்றே வழங்குகிறது. தொட்டியில் நீர் மொண்டவர் அரசரா அடிமையா என்று எவரும் வினவவில்லை.

2024 ஜூன் மாத ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் இறந்தனர். அவர்களுள் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்து, ஒதுங்க இடமும் ஓய்வுமின்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்று சவூதி அரசே அறிவித்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த அனுமதிச்சீட்டு தேவை. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், தாகித்தவனின் உதடு அனுமதிச்சீட்டைக் காட்ட வேண்டும் என்று 'ஹக்குஷ் ஷஃபா' கூறவில்லை.

வளைகுடாவில் கட்டுமானப் பணி செய்வோரில் நம் தமிழ் மக்களும் பலர். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணிவரை நேரடி வெயிலில் வேலை வாங்கலாகாது எனச் சட்டம் உண்டு. கத்தார் 2021இல் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை எனத் தடையை விரிவாக்கிற்று. பழைய கைலூலாவே இங்குச் சட்ட வடிவில் மீண்டு வந்துள்ளது. குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்போர் ஓய்வைச் சலுகையாகக் கருதக்கூடும். பாலைவனமோ அதனை உரிமையாகவே கற்பித்தது. வெயிலில் நிற்பவனுக்கு நிழலை ஒதுக்குவது கருணையன்று. அவனுக்குரியதை அவனிடம் ஒப்படைப்பதேயாகும்.