முத்துக்கரையின் நலவாழ்வுப் பிரசாரம்: தண்டோரா முதல் செஞ்சுருள் வரை

தூத்துக்குடிக் கரையில் நோய் பற்றிய எச்சரிக்கை நெடுங்காலம் அரசாணையாகவே வந்தது. சிலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக் காலத்தில் குளியாளிகளும் வியாபாரிகளும் ஆயிரக்கணக்கில் கரையில் கூடுவர்; சிப்பிகள் அழுகிக் கிடக்கும்; காலரா பயம் கூடவே இருக்கும். கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஆனால் தண்டோராவிலும் அச்சடித்த உத்தரவிலும் என்ன சொல்லப்பட வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேற வந்த தொழிலாளர்கள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறை முகாமில் நோய்த் தடுப்புக்காகத் தடுத்து வைக்கப்பட்டனர். பின்னர் அந்த வேலை மண்டபம் முகாமுக்கு மாறியது. அங்கும் நலவாழ்வு என்பது கட்டளைதான்.

கட்டளையிடும் இந்த வழக்கம் ஆட்டம் கண்டது எய்ட்ஸ் காலத்தில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது. மக்களைப் பங்காளிகளாகக் கொள்ள வேண்டும் என்று உலக நலவாழ்வுத் துறைக்கு உரைத்த ஒட்டாவா சாசனமும் அதே ஆண்டில் வந்ததுதான். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டில், சென்னை அடையாறு வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் வழியாக, அமெரிக்க நிதியுதவியோடு எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. லாரி ஓட்டுநர்களும் பாலியல் தொழிலாளர்களும் அதன் முதன்மை இலக்கு. 1974-இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடிக்கு லாரி ஓட்டுநரும் கிளீனரும் அன்றாடம் வந்துபோகிறவர்கள். அவர்களிடம் வெள்ளைச் சட்டைக்காரர் பேசுவதைவிட அவர்களில் ஒருவரே பேசினால் எடுபடும் என்பதே சகக் கல்வியின் எளிய அடிப்படை.

மாணவர்களிடையே சகக் கல்விக்கு அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. 1969-இல் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டம், 1991-இல் எய்ட்ஸ் பற்றிப் பல்கலைக்கழகங்களில் பேசும் நாடு தழுவிய முயற்சியைத் தொடங்கியது. பின்னர் கல்லூரிதோறும் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்கள் வந்தன. வ.உ.சி. கல்லூரி, தூய மரியன்னை கல்லூரி, காமராஜ் கல்லூரி என்று தூத்துக்குடியில் இளைஞர் திரளும் இடங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் பல கல்லூரிகளில் இப்பணி உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1-இல் சுவரொட்டிப் போட்டி, பேரணி, உறுதிமொழி என்ற அளவில் நின்றுவிடுவதுண்டு. வாசகம் சென்னையிலிருந்து வரும். மாணவர் வண்ணம் தீட்டுவார். அதை வடிவமைப்பு என்று சொல்ல முடியாது. 2000-களின் தொடக்கத்தில் மாநிலம் முழுவதையும் பேசவைத்த ‘புள்ளி ராஜா’ எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமும் விளம்பரத் துறையின் ஆக்கமே. இளைஞர்கள் அதைக் கேலியும் கிண்டலுமாகப் பரப்பினார்கள், எழுதவில்லை.

இளைஞர்கள் தாங்களே எழுதி நடத்தியதற்கு நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே கிடைத்தது. 1990-களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துணையோடு, கலைஜாதா எனும் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. குடிநீர், குழந்தை வளர்ப்பு, குடிப்பழக்கம் ஆகியவை தெரு நாடகமாயின. ஊர்ப் பேச்சில் வசனம் மாறும். எடுபடாத காட்சி அடுத்த ஊரில் விடுபடும். நெல்லை மாவட்ட அறிவொளியில் பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அந்த அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ நூலில் பதிவுசெய்திருக்கிறார். பார்வையாளரின் முகத்தைப் பார்த்துத் திருத்தும் அந்தப் பழக்கம், அலுவலகத்தில் அச்சாகும் சுவரொட்டிக்கு வாய்க்காதது.

கல்லூரி வழிச் சங்கங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. விசைப்படகில் வேலை செய்யும் பையனும் உப்பளத்துக்குப் போகும் பெண்ணும் அவற்றில் இல்லை. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ளோரை, பள்ளிக்கு வெளியே இருப்பவர்களையும் சேர்த்து, கணக்கில் கொண்டது. அவர்களிலிருந்தே சகக் கல்வியாளர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பேசுபொருளும் பாலியல் நலம் என்ற ஒன்றிலிருந்து ஊட்டச்சத்து, மனநலம், போதைப் பழக்கம், வன்முறை, தொற்றா நோய்கள் என்று விரிந்தது.