சடைநாயும் சீப்பும்

திருக்குறளின் மானம் என்னும் அதிகாரத்தில் 969ஆம் குறளில் வரும் கவரிமாவைப் பற்றி நம் வகுப்பறைகளில் ஒரு பிழையான பாடம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. கவரிமான் என்றொரு மான் உண்டு என்றும், அதன் உடலிலிருந்து ஒரு மயிர் உதிர்ந்தாலும் அது மானத்தால் உயிரை விட்டுவிடும் என்றும் மாணவர்கள் விடைத்தாளில் எழுதுவர். குறளில் உள்ள சொல் ‘மா’; விலங்கு என்பது அதன் பொருள். கவரி என்பது இமயத்தின் குளிர்ச் சரிவுகளில் வாழும் சடை எருது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்திலும் கவரி இமயத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. குளிரைத் தாங்குவதற்கென்றே சடைபோல் தொங்கும் உரோமத்தைப் பெற்ற விலங்கு, அதனை முற்றாக இழந்தால் பிழைப்பது அரிது. மானத்துக்கு உவமையாக அமையும் முன்னரே இது ஓர் இயற்கைச் செய்தி: பனிநாட்டு விலங்குக்கு உரோமம் அணிகலன் அன்று, உடலின் ஓர் உறுப்பு.

இந்தச் செய்தியை ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுவது, ஆவடியை அடுத்த நம் சேக்காட்டின் கோடைக்காலம். சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், தெருவில் நாம் நன்கு அறிந்த வெண்ணிறச் சடைநாய்கள் சில, ஒரே நாளில் அடையாளம் தெரியாதவையாக மாறிவிடுகின்றன. தோல் தெரிய மழிக்கப்பட்டு, இளஞ்சிவப்பு உடலோடு வாசற்படியில் ஒடுங்கிக் கிடக்கின்றன. கேட்டால், “பாவம், இவ்வளவு முடியோடு வெயிலை எப்படித் தாங்கும்?” என்பர். கருணையினால் செய்யும் செயல்தான். ஆயினும் அந்த உரோமம் சில நாய்களுக்கு அடுத்த கோடை வரையிலும் திரும்புவதில்லை; சிலவற்றுக்குத் திட்டுத் திட்டாகவே திரும்புகிறது. அழகு போன நாய் மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளிருந்து மாடிப்படியின் கீழுக்கும், அங்கிருந்து தெருவுக்கும் இடம் மாறுவதையும் நாம் கண்டிருக்கிறோம். இந்த உரோமம் எங்கிருந்து வந்தது, அதனைப் பேணிய கைகள் எவை, அக்கைகள் இப்போது எங்கே என்று வினவுவது பயனற்ற ஆராய்ச்சி ஆகாது எனக் கருதுகிறோம்.

தமிழ் மரபுக்கு நாய் புதியதன்று. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என அதற்குப் பல பெயர்கள் உண்டு. யானை போன்றவரின் நட்பை விலக்கி நாய் போன்றவரின் நட்பைக் கொள்க என நாலடியார் அறிவுறுத்துகிறது. கண்ணப்பரோடு வேட்டைநாய் வருகிறது. பைரவருக்கு நாயே ஊர்தி. ஆனால் இந்த மண்ணுக்குரிய நாய்களான இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய அனைத்தும் உடலோடு ஒட்டிய குட்டை உரோமம் கொண்டவை. அவற்றுக்குச் சீப்பு வேண்டியதில்லை. ஈரத்துணியால் துடைத்தாலே போதும். எனவே, நாயின் உரோமத்தைப் பிரித்துச் சீவும் பழக்கம் நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த அறிவாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சடைநாய் வந்தபோது அதற்குரிய கைப்பழக்கமும் வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

நாம் பொமரேனியன் என வழங்கும் பெயரின் வேர் பால்டிக் கடலின் தென்கரையில் உள்ளது. இன்று போலந்திலும் ஜெர்மனியிலுமாகப் பிரிந்து கிடக்கும் பொமரேனியாதான் அந்நிலம். ஜெர்மானியர் இவ்வகை நாயை ‘ஸ்பிட்ஸ்’ என்பர். கூர்மையானது என்பது பொருள். கூரிய முகமும் கூரிய காதும் உடைய நாய். நம் அகராதிகளிலும் கூரன் என்னும் சொல்லுக்கு நாய் என ஒரு பொருள் இருப்பது தற்செயலே எனினும் சுவையானது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரை 1761இல் மணந்து இங்கிலாந்துக்குச் சென்ற சார்லட் அரசி, பொமரேனியாவை அடுத்த மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் நாட்டினர். 1767இல் அவர் வழியாக இந்நாய்கள் ஆங்கில அரண்மனைக்குள் நுழைந்தன. ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1777ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியம் ஒன்றில் இவ்வின நாயும் அதன் குட்டியும் உள்ளன. இன்றைய கைப்பொம்மை அளவினை அங்கே காண இயலாது. நடுத்தர உடல் வாய்ந்த நாயே அதில் நிற்கிறது.

அதனைச் சிறிதாக்கிய பெருமையோ பழியோ பெரும்பாலும் விக்டோரியா அரசியின் காலத்தைச் சாரும். 1888இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அவர் மார்கோ என்னும் சிறிய நாயைப் பெற்றார். அது ஏறத்தாழ 12 பவுண்டு எடையுடையது. அரசி விரும்பியதை நாடு விரும்பிற்று. சிறியவற்றையே தேர்ந்து இணைசேர்த்ததால் சில பத்தாண்டுகளில் இவ்வினம் பாதியளவுக்குச் சுருங்கியது. உடல் சுருங்கினாலும் பால்டிக் குளிருக்கு அமைந்த இரட்டை உரோமம் மட்டும் மாறவில்லை. 1901இல் அரசி இறந்தபோது டூரி என்னும் பொமரேனியன் அவர் படுக்கையில் இருந்ததாக வரலாறு கூறும். அந்நாய்களை நாள்தோறும் சீவி உலர்த்தியவர்கள் வின்சர் அரண்மனை நாய்ப்பட்டியின் பணியாட்கள். அவர்களின் பெயர்கள் நம் நினைவுக்கு எட்டுவதில்லை.

ஆங்கிலேயர் கப்பலேறி வந்தபோது அவர்களின் நாய்களும் வந்தன. ஸ்பிட்ஸ் வகை நாய்கள் இந்திய வெயிலில் தலைமுறை தலைமுறையாகப் பெருகி, தனியினமாகவே உருப்பெற்றன. இந்தியன் ஸ்பிட்ஸ் என்பது அதன் முறையான பெயர். பொமரேனியனைவிட உடல் பெரிது, முகம் நீண்டது, காதுகளும் பெரியவை, உரோமத்தின் அடர்த்தி குறைவு. நம் தெருக்களில் பொமரேனியன் என்னும் பெயரில் வாழ்பவற்றுள் மிகப்பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ்களே.

நாயோடு வேறொருவரும் அக்கால வீடுகளில் இருந்தார். ஆங்கிலேயர் பங்களாக்களின் வேலையாட்களுள் நாய்களுக்கென்றே அமர்த்தப்பட்ட ஒரு சிறுவன் இருப்பதுண்டு. ‘டாக் பாய்’ என்பது அவன் பதவியின் பெயர். பம்பாய் மாகாணத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன், பங்களா வேலையாட்களைப் பற்றி எள்ளலோடு எழுதிய ‘பிஹைண்ட் த பங்களோ’ என்னும் நூலில் அவனுக்குத் தனி இயலே ஒதுக்கியுள்ளார். குளிப்பாட்டுவதும், உண்ணி பொறுக்குவதும், உலவ அழைத்துச் செல்வதும் அத்தகைய கைகளின் வேலை. துரைசானியின் மடியில் பஞ்சுப்பொதி போல் அமர்ந்திருந்த நாயின் அழகு, பின்கட்டில் அமர்ந்திருந்த அச்சிறுவனின் உழைப்பு என்பதே நாம் கொள்ளத்தக்க பொருள்.

துரைமார் போயினர், நாய் நின்றது. 1980களிலும் 1990களிலும் வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது எளிதாக இல்லாத சூழலில், இந்தியன் ஸ்பிட்ஸ் நடுத்தரக் குடும்பங்களின் செல்ல நாயாயிற்று. 1994இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் டஃபி என்னும் வெண்ணிற நாய் ஒரு கதைமாந்தராகவே தோன்றியதும் அதன் செல்வாக்கை உயர்த்திற்று. 2003இல் கைப்பேசி விளம்பரம் ஒன்றில் சிறுவனைத் தொடர்ந்து நடந்த பக் நாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வரை சடைநாயின் காலம் நீடித்தது. 1961இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையைச் சூழ்ந்து வளர்ந்த ஆவடிப் பகுதியில், ஒரு படுக்கையறை வீட்டிலும் ஒரு சடைநாய்க்கு இடம் இருந்தது. ஆனால் அதனைச் சீவுவதற்குரிய ஆள் அவ்வீட்டில் இல்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்வர். பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி வகுப்பு. அரண்மனையின் உரோமத்தை நாம் வாங்கினோம். அரண்மனையின் சீப்பை வாங்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் மழிக்கும் இயந்திரம் நுழைந்தது.

இனி, அவ்வுரோமத்தின் இயல்பைச் சிறிது காண்போம். சடைநாயின் உடலில் இரண்டு அடுக்குகள் உண்டு. தோலை ஒட்டிப் பஞ்சுபோன்ற அடியுரோமம். அதனைப் போர்த்தி நீண்ட, சற்றே முரடான மேலுரோமம். இரண்டுக்கும் இடையே தேங்கும் காற்று குளிரைத் தடுப்பதுபோல் வெயிலின் நேரடித் தாக்குதலையும் ஓரளவு தடுக்கிறது. மழித்த வெளிர்த்தோல் வெயிலில் எளிதில் புண்படும். நாய் நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை; நாக்கை நீட்டி இரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. சென்னையின் ஈரக்காற்றில் அவ்வழியும் மந்தப்படும் என்பதால், நாய்க்குத் துன்பம் உண்டு என்பது மெய். அத்துன்பத்துக்குப் பெரிதும் காரணமாவது உதிர்ந்தும் வெளியேறாமல் சிக்குண்டு அடைபட்ட அடியுரோமம். அதனை நீக்க வல்லது சீப்பு. மழித்தலோ இரண்டு அடுக்குகளையும் ஒருங்கே அழித்துவிடுகிறது. மழித்தபின் ஓராண்டோ அதற்கு மேலுமோ உரோமம் வளராதிருக்கும் நிலையைத் தோல் மருத்துவ நூல்கள் ஸ்பிட்ஸ் வகை நாய்களிடம் சிறப்பாகக் குறிப்பிடுகின்றன. தைராய்டு போன்ற சுரப்பிக் குறைகள் இருப்பின் நிலை மேலும் மோசமாகும்.

சீவும் முறை எளிது, வேண்டுவது பொறுமை. ஒரு கையால் உரோமத்தை மேல்நோக்கி ஒதுக்கி, தோல் தெரியும்படி ஒரு வகிடு எடுத்து, அங்கிருந்து வெளிநோக்கிச் சிறிது சிறிதாகச் சீவி, அடுத்த வகிட்டுக்குச் செல்ல வேண்டும். மேலாகத் தடவினால் வெளியே பட்டுப்போல் மின்னும். உள்ளே கம்பளமாகத் திரிந்திருக்கும். காதின் பின்புறம், முன்னங்காலின் அக்குள், பின்தொடை ஆகியவை சிக்கு விழும் இடங்கள். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். நீர் பட்ட சிக்கு இறுகிவிடும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது; அதன் அமிலத்தன்மையும் வேறு. ஆகவே நம் சோப்பும் கிருமிநாசினியும் அதற்கு ஆகா. குளித்தபின் வேர்வரை உலர்த்துவது இன்றியமையாதது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடியுரோமத்தில் தங்கும் ஈரமே புண்ணுக்கும் பூஞ்சைக்கும் வித்தாகிறது. இன்னொன்றும் கூற வேண்டும். பொமரேனியன் குட்டிகள் நான்கு முதல் ஆறு மாதத்தில் குட்டிப்பருவ உரோமத்தை உதிர்த்து, சில காலம் அழகற்றுத் தோன்றும். அது நோயன்று, பருவம். பல் விழுந்து முளைக்கும் குழந்தையை எவரும் வீட்டைவிட்டு நீக்குவதில்லை.

சீவுதல் அழகு தொடர்பானது மட்டுமன்று என்பதற்குச் சென்னையின் மருத்துவ வரலாறே சான்று. கிண்டி கிங் நிறுவனத்தில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன், சென்னையில் இருந்த ஆங்கிலேயர் வேட்டைக் குழுவின் நாய்களது குருதியில் அதுவரை அறியப்படாத ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு 1910இல் அறிவித்தார். நரியின் குருதியிலும் அது இருந்தது. பபேசியா கிப்சோனி என இன்று உலகம் அறியும் அந்நுண்ணுயிர் இந்நகரின் நாய்களிடமே முதலில் அடையாளம் காணப்பட்டது. உண்ணிக் காய்ச்சலின் மற்றொரு காரணியான எர்லிக்கியா கேனிஸ் 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டு, 1944இல் முதலியார் என்னும் ஆய்வாளரால் இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையிலேயே பதிவு செய்யப்பட்டது. இன்றும் நம் பகுதி நாய்களைக் கொல்லும் நோய்களுள் இவை உண்டு. அவற்றைப் பரப்பும் உண்ணிகள் ஒளிவதற்கு அடர்ந்த உரோமம் போன்ற இடம் வேறில்லை. நாள்தோறும் வகிடெடுத்துச் சீவும் கை, உண்ணியை முதலில் காணும் கையுமாகும். உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால் வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மறத்தலாகாது.

தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத பதினோரு அயலினங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை கூறிற்று. அவற்றுள் கீஸ்ஹோண்ட் என்பதும் ஒன்று. உலக நாய்க் கழகங்களின் வகைப்பாட்டில் அது பொமரேனியனுக்கு மூத்த உடன்பிறப்பு. மூத்தது விலக்கப்பட்டது, இளையது நம் வீட்டுக்குள் இருக்கிறது. விலக்க வேண்டும் என நாம் வாதிடவில்லை. சேக்காட்டில் பிறந்த குட்டிக்குப் பால்டிக் கடல் தெரியாது. இந்தத் தெருவே அதன் ஊர். அதன் முதுகில் உள்ள குளிர்நாட்டை ஏற்றியவர்கள் மனிதர்கள். அரசியர் தேர்ந்தனர், துரைமார் கொணர்ந்தனர், திரைப்படம் விற்றது, நாம் வாங்கினோம். அந்நெடிய வரிசையில் இறுதியாக நிற்பவர் நாம் என்பதால், எஞ்சிய கடமையும் நம்முடையதே. பின்கட்டுச் சிறுவன் இனி வரமாட்டான்; வரவும் வேண்டா. அவன் கையிலிருந்த சீப்பை நாளுக்குக் கால் மணி நேரம் நாம் ஏந்தினால் போதும்.