கயிறு சாத்திப் பார்த்தலும் தேவார ஏடும்

கைக்கு எட்டிய நூலை எடுத்து, தேர்ந்து கொள்ளாது ஓரிடத்தைப் பிரித்து, ஆங்குக் காணும் அடியைத் தமக்குரிய விடையாகக் கொள்ளும் வழக்கம் பல நாட்டினர்பாலும் உண்டு. ஐரோப்பியர் வர்சிலின் காவியத்தை இங்ஙனம் பிரித்துப் பார்த்தனர். பாரசீகர் 14-ஆம் நூற்றாண்டுப் புலவராகிய ஹாபிசின் பாடல்களை இன்றும் பிரித்துப் பார்க்கின்றனர். தமிழகத்தில் இவ்வழக்கம் ‘கயிறு சாத்திப் பார்த்தல்’ எனப் பெயர் பெற்றது.

இப்பெயர் ஓலைச்சுவடியின் அமைப்பினின்றும் எழுந்தது. துளையிட்ட ஏடுகளைக் கோத்துக் கட்டும் கயிற்றினை ஏடுகளின் இடையே செலுத்தி, அது சென்ற இடத்து ஏட்டைப் பிரித்துப் படிப்பர். கற்றோர் பொருள் உரைக்க, வினவியோர் அதன்வழி நடப்பர்.

இதற்குச் சைவ மரபு வழங்கும் சிறந்த எடுத்துக்காட்டு மெய்கண்டாரின் பிறப்பு வரலாறு. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். பண்டிதர் தேவார ஏட்டில் கயிறு சாத்தினார்; சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்துப் பாடல் ஒன்று கிடைத்தது. அது திருவெண்காட்டு முக்குள நீரில் தோய்வார்க்கு மகப்பேறும் பிற வரங்களும் எய்தும் என்னும் கருத்தினது. களப்பாளர் மனைவியாருடன் ஆங்குச் சென்று நீராடி வழிபட்டுப் பெற்ற மகவே சுவேதவனப் பெருமாள். ‘சுவேதவனம்’ என்பது வெண்காட்டின் வடமொழிப் பெயர். அம்மகவே பின்னர்ச் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் ஆயினார். கயிறு சாத்திய பண்டிதரோ அவர்க்கே மாணாக்கராகி, அருள்நந்தி சிவாசாரியார் எனப் பெயர் பெற்றுச் சிவஞான சித்தியார் இயற்றினார்.

மரபுச் செய்தியாகிய இதனை ஆண்டு வரையறுத்த நிகழ்ச்சிபோல் ஆளுதல் பொருந்தாது. எனினும் மக்கள் தேவாரத்தை எவ்வாறு பயன்கொண்டனர் என்பதற்கு இது தக்க சான்று. தேவாரப் பதிகங்களிற் பெரும்பாலன ஒரு தலத்தைச் சார்ந்தவை. சம்பந்தர் பதிகங்களின் இறுதிப் பாடலோ ஓதுவார் எய்தும் பயனையும் கூறும். ஆதலின், கயிறு காட்டிய பாடல் நன்மை தீமை என்னும் குறியளவில் நின்றிலது. செல்ல வேண்டிய ஊரையும் செய்ய வேண்டிய வழிபாட்டையும் காட்டிற்று. வர்சிலின் அடி எதிர்காலத்தை முன்னறிவித்தது. தேவாரத்தின் அடி வழிநடைக்கு ஆணையாயிற்று. தற்செயலாய்க் கிடைத்த பாடல் நெறிப்பட்ட செயலாக முதிர்ந்தமைக்கு நூலின் தலமுதன்மையே காரணம் எனலாம்.

இக்காலத்து அச்சு நூல்கள் இன்ன பயனுக்கு இன்ன பதிகம் என அட்டவணை தருகின்றன. அது வேண்டியதை விரைந்து பெறுதற்கு உதவும். ஆயின் ஆண்டுப் படிப்போன் பதிகத்தைத் தெரிந்தெடுக்கின்றான்; கயிறு சாத்திய காலத்திலோ பதிகமே படிப்போனைத் தெரிந்தெடுத்ததாக நம்பினர். ஏட்டினின்றும் அச்சிற்கு மாறியபோது எழுத்தின் வடிவுடன் நூலுக்கும் படிப்போனுக்கும் உள்ள உறவும் மாறிற்று. சுவடிகளை ஆராய்வோர் பாடவேறுபாட்டுடன் இம்மாற்றத்தையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.