கோலார் தக்காளிக்கு பெங்களூரு சாக்கடை நீர்: பிரச்னை என்ன?

தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஆனா கோலார் மாவட்டத்தில் தோண்டுவது நிற்கல. இப்போ தேடுவது தண்ணீர். வற்றாத ஆறே இல்லை. தக்காளி, மல்பெரி, கறவை மாடு எல்லாம் போர்வெல்லை நம்பித்தான். 1,000 அடி தாண்டியும் போடுகிறார்கள். ஆழத்து நீரில் ஃபுளோரைடு தொல்லை வேறு.

அரசின் பதில், கே.சி. வேலி திட்டம். பெங்களூரு சாக்கடை நீரை இரண்டு கட்டமாகச் சுத்திகரித்து, தினமும் 44 கோடி லிட்டர் வரை அனுப்பி ஏரிகளை நிரப்புவது இலக்கு. 2018-ல் தண்ணீர் வந்தது. ஜூலையில் லட்சுமிசாகர் ஏரியில் நுரையும் பொங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

நிலத்தடி நீர்மட்டம் ஏறியது உண்மைதான். ஆனா, மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு எங்கே என்று விவசாயிகள் கேட்பது நியாயம். ஏரியில் ஊறி இறங்கும் அதே நீர்தானே போர்வெல் வழியா வயலுக்கும் குடத்துக்கும் வருது?