கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இல்லை!

திட்டக்குடியில் ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று எல்லோருக்கும் தெரியும். வார்டு கவுன்சிலர் இருக்கிறார், இல்லாவிட்டால் நேராக ஆபீஸுக்குப் போகலாம். ஆனால் விளக்கு வாங்கியதாகப் பில் இருந்து, கம்பத்தில் விளக்கு மட்டும் இல்லை என்றால்? இப்போது புகார் விளக்கைப் பற்றியது அல்ல, விளக்குப் போட வேண்டியவர்களைப் பற்றியது. அதை அவர்களிடமே கொடுத்தால் என்ன ஆகும்? வேறு யாரிடம் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்துக்கும் மேல். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

உத்திரமேரூர்

குடவோலை முறையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஊரில் 30 குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வேலை பிரித்துக் கொடுத்தார்கள். பதவிக்காலம் 360 நாள். இதெல்லாம் பரீட்சைக்கு வரும்.

பரீட்சைக்கு அதிகம் வராத பகுதிதான் முக்கியம். யார் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்ற பட்டியலில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் வருகிறார். அவர் மட்டும் அல்ல. அவருடைய அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனர், மருமகன், அப்பா, பிள்ளை என்று உறவு முழுவதும் தடை! தான் நிற்க முடியாவிட்டால் மச்சானை நிறுத்திவிட்டுப் பின்னால் இருந்து நடத்தலாம் என்ற தந்திரத்தை அந்தக் காலத்திலேயே யோசித்து அடைத்திருக்கிறார்கள். பதவியில் இருக்கும்போதே குற்றம் செய்தது தெரிந்தால் உடனே நீக்கிவிட வேண்டும். கணக்கு எழுதுகிறவரும் கணக்கை ஒப்படைத்து நேர்மையானவர் என்று பெயர் வாங்கினால்தான் மறுபடி அந்த வேலைக்கு வரலாம்.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. அது ஒரு பிரம்மதேய ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் குடத்தில் இடம். நிலம் இல்லாதவர் கணக்குக் கேட்க முடிந்ததா என்பதைப் பற்றிக் கல்வெட்டு பேசவில்லை. ஆனாலும் ஒரு விதி அங்கே தெளிவாக இருக்கிறது: பொதுப் பணத்தைத் தொட்டவர் கணக்குக் காட்டாமல் மறுபடி தொட முடியாது.

வெள்ளைக்காரன் கொண்டு வந்த ஆடிட்

கடலூர் 1866-லேயே நகராட்சி ஆனது. 1882-ல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டு வந்தார். ஆனால் நீண்ட காலம் கலெக்டர் கைதான் மேலே இருந்தது. புகார் என்றால் மேலே இருக்கும் துரைக்கு மனு, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இருந்து வந்த இன்னொரு ஆயுதம் தணிக்கை. சட்டத்துக்குப் புறம்பாகச் செலவு செய்தால், அந்தத் தொகையைச் செலவுக்கு ஒப்புக்கொடுத்தவர் சொந்தப் பையில் இருந்தே கட்ட வேண்டும். இதற்கு சர்சார்ஜ் என்று பெயர். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் லண்டனில் பாப்லர் என்ற பகுதியின் கவுன்சில், தன் தொழிலாளிகளுக்கு ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் வாரம் 4 பவுண்டு குறைந்தபட்சக் கூலி கொடுத்தது. அது அதிகம் என்று தணிக்கையாளர் சர்சார்ஜ் போட்டார். 1925-ல் பிரபுக்கள் சபை தணிக்கையாளர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. திருடியவரைப் பிடிக்க வைத்த வலையில், ஏழைக்குக் கூலி கொடுத்தவரும் மாட்டலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

மஸ்டர் ரோல்

தமிழ்நாட்டு உள்ளாட்சி வரலாற்றில் பெரிய ஊழல் புகார் என்றால் சென்னை மாநகராட்சியின் மஸ்டர் ரோல் விவகாரம்தான். மஸ்டர் ரோல் என்றால் தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு. அதில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதி, வராத ஆளுக்குக் கூலி எடுத்தார்கள் என்பது புகார். காமர்ஸ் படிப்பவர்கள் ஆடிட்டிங் புத்தகத்தில் டம்மி ஒர்க்கர்ஸ் என்று படிப்பார்களே, அதேதான்.

தீர்வு என்ன? 1973 டிசம்பர் 1 முதல் மாநகராட்சி மன்றமே கலைக்கப்பட்டது. தனி அதிகாரிகள் வந்தார்கள். கொஞ்ச நாளில் தேர்தல் வரும் என்று நினைத்தால், அடுத்த மன்றம் வந்தது 1996-ல்! இடையில் சுமார் 23 வருஷம். 1973-ல் பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதையும் தாண்டிவிட்டது. தப்பு செய்தவர் சிலராக இருக்கலாம், கவுன்சிலரை இழந்தது ஊர் முழுவதும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

கிராமங்களின் கதையும் பெரிதாக வேறு அல்ல. 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986-ல் நடந்தது, அதற்கு அடுத்தது 1996-ல். தேர்ந்தெடுத்தவரே இல்லாத இடத்தில் மக்கள் யார் மேல் புகார் கொடுப்பது?

இன்றைய சட்டம்

1993-ல் அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் வந்தன. அடுத்த வருஷம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வந்தது. அதன் 205-வது பிரிவு ஊராட்சித் தலைவரை நீக்குவது பற்றியது. நடைமுறை இப்படி:

கலெக்டர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். அவர் தானாகவே நடவடிக்கை தொடங்கலாம். அல்லது மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்துப் போட்டுக் குற்றச்சாட்டு கொடுக்கலாம். தலைவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் திருப்தி இல்லை என்றால், தாசில்தார் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்து அனுப்புவார். அதைப் பரிசீலித்த பிறகு கலெக்டர் முடிவெடுப்பார். தலைவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம், ஹைகோர்ட்டுக்கும் போகலாம்.

இத்தனை படிகள் எதற்கு, உடனே தூக்கி எறிய வேண்டியதுதானே என்று தோன்றும். பதில் இதே கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. புவனகிரி பக்கம் தெற்குத் திட்டை ஊராட்சியில், தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட போட்டோ 2020 அக்டோபரில் வெளியாகி நாடு முழுவதும் பேசப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் சஸ்பெண்ட் ஆனார். நாற்காலியே கொடுக்காத உறுப்பினர்களிடம் நீக்கும் அதிகாரம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புகார் என்பது சாமானியர் கையிலும் இருக்கும், ஆதிக்கம் செய்பவர் கையிலும் இருக்கும். விசாரணை என்ற நடுப்படி இல்லாவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

முறைமன்ற நடுவர்

ஆம்புட்ஸ்மன் என்ற பதவி 1809-ல் ஸ்வீடனில் பிறந்தது. இங்கிலாந்தில் உள்ளாட்சிகளுக்கு என்றே தனி ஆம்புட்ஸ்மனை 1974-ம் வருஷச் சட்டம் கொண்டு வந்தது. நம் பக்கத்து வீடான கேரளாவில் 1999-ல் சட்டத்தைத் திருத்தி, அடுத்த வருஷம் அமைத்துவிட்டார்கள்.

மாநிலங்கள் உள்ளாட்சிக்கு என்று சுதந்திரமான ஆம்புட்ஸ்மன் அமைத்திருக்க வேண்டும் என்பதை, 13-வது நிதி ஆணையம் செயல்திறன் மானியத்துக்கு நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. அதாவது நியாயம் கேட்டு வந்த கதவுக்குப் பின்னால் கொஞ்சம் மானியமும் நின்றது! தமிழ்நாடு 2014-ல் சட்டம் இயற்றியது. தமிழில் முறைமன்ற நடுவர் என்று அழகான பெயர். உள்ளாட்சியின் பிரதிநிதிகள் மேலும் அலுவலர்கள் மேலும் வரும் முறைகேட்டுப் புகார்களை விசாரிப்பது இவர் வேலை. லஞ்சம் கேட்டால் 1964 முதல் இருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம்.

இதில் ஒரு கஷ்டம், தூரம். திட்டக்குடி மாவட்டத்தின் மேற்குக் கோடி. கலெக்டரைப் பார்க்க விருத்தாசலம் தாண்டிக் கடலூர் வரை பஸ் ஏற வேண்டும். ஆம்புட்ஸ்மன் இருப்பதோ சென்னையில். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

அதனால்தான் பக்கத்திலேயே கிடைக்கும் இரண்டு ஆயுதங்கள் முக்கியம். ஒன்று கிராம சபை. ஊராட்சியின் தணிக்கை அறிக்கை அங்கே வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது, 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. இன்னொன்று 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணத்தில் பில்லின் நகலைக் கேட்கலாம்.

திட்டக்குடி 2021-ல் பேரூராட்சியில் இருந்து நகராட்சியாக உயர்ந்தது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பதிவேடு மட்டும் அங்கேயே இருக்கும். "அவர் திருடிவிட்டார்" என்று எழுதிய மனு அலமாரியில் தூங்கும். "இந்தத் தேதியில், இந்த பில்லில், இத்தனை விளக்கு வாங்கியதாக இருக்கிறது, தெருவில் இத்தனைதான் இருக்கிறது" என்று எழுதிய மனுவை அவ்வளவு சுலபமாகத் தூங்க வைக்க முடியாது.

உத்திரமேரூர்க்காரர்கள் கல்லில் வெட்டி வைத்ததும் இதைத்தான். முதலில் கணக்கு, அப்புறம்தான் குடம். ஒரே வித்தியாசம், அன்று கேட்கும் உரிமை சிலருக்கு இருந்தது, இன்று எல்லோருக்கும் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு எத்தனை பேர் போகப் போகிறோம்?