மலைநாட்டு மதுவும் கடல் கடந்த மலரும்

நுவரெலியா என்றதும் தேயிலையின் மணமே எவர் நினைவுக்கும் முதலில் வரும். ஆயினும், அந்நகரின் வரலாற்றில் வேறொரு மணத்துக்கும் இடமுண்டு. 1881ஆம் ஆண்டளவில் அங்கே நிலைபெற்ற பியர்த் தொழிற்சாலை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கியது. அதன் கொதிகலங்களில் இடப்பட்ட மலர் ஒன்று, இலங்கை மண்ணில் விளையாமல், தூர தேசத்திலிருந்து கப்பலேறி வந்தது. 'ஹொப்' என்பது அதன் பெயர்.

ஹொப் என்பது கோடைதோறும் இருபது அடிக்கு மேல் படர்ந்து ஏறும் ஒரு கொடியின் பெண்மலர். சிறு கூம்பு போன்ற அப்பூவின் இதழ்களுக்கிடையே மஞ்சள் நிறப் பொடி ஒன்று படிந்திருக்கும். அப்பொடியில் கசப்புத் தரும் பிசினும் நறுமணம் தரும் எண்ணெயும் உள்ளன. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் இனிய சாற்றில் இப்பூவை இட்டு நெடுநேரம் காய்ச்சினால் கசப்பு இறங்கும். அதே வேளையில் மணம் ஆவியாகப் பறந்துவிடும். அடுப்பை அணைக்கும் தறுவாயிலோ, நுரைத்துப் புளித்த பின்னரோ இட்டால் கசப்புக் குறையும், மணம் தங்கும். பியர் காய்ச்சுவோரின் கலை முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமும், இங்கிலாந்தை நினைவூட்டும் குளிரும், ஆங்கிலேயர் கொண்டுவந்த காய்கறிகளும் மலர்களும் செழிக்கும் மண்ணும் நுவரெலியாவுக்கு உண்டு. அங்கே ஹொப் மட்டும் ஏன் நிலைபெறவில்லை என்று கேட்கலாம். விடை வானத்தில் இருக்கிறது. இக்கொடி உயர்ந்து வளர்வதற்குக் கோடையில் நீண்ட பகற்பொழுது வேண்டும். இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் ஆனி மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையளவில் உள்ள நுவரெலியாவிலோ ஆண்டின் மிக நீண்ட பகலும் ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கொடி போதிய உயரம் எட்டுமுன்பே பூக்கத் தொடங்கி, விளைச்சல் அற்பமாகும். மலையின் உயரத்தால் குளிரைப் பெறலாம். பகலை நீட்ட இயலாது. இந்தியாவிலும் காஷ்மீரம், லாகூல் முதலிய வடகோடி மலைகளிலேயே ஹொப் பயிரிடப்பட்டது.

சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலக் கிராமம் ஒன்றை உருவாக்க முனைந்தார். கொல்லன், பண்ணை மேற்பார்வையாளன், மாடு, ஆடு, வேட்டை நாய் என்று ஊரையே பெயர்த்து வருவதுபோல் கப்பலில் கொண்டுவந்தார். மலையூரின் பியர்த் தொழிலுக்கு வித்திட்டவரும் அவரே என்று கூறுவர். 1855இல் அவர் நாடு திரும்பிய பின்னும் குடியேற்றம் நிலைத்தது. பின்னர் கோப்பி நோயால் அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை மலைகளை மூடியது. புகையிரதம் 1884இல் அற்றனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதற்கு முன்னர் மலையூருக்கு வேண்டிய பண்டமெல்லாம் மாட்டு வண்டியிலும் மனிதர் தலையிலுமே ஏறிற்று.

அக்காலத்தில் ஹொப்பைத் தெரிந்தெடுத்த முறை வேறு. இப்பூவின் பிசினுக்குப் பானத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை அடக்கும் ஆற்றல் உண்டு. ஆதலின், வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹொப்பை மிகுதியாக இடவேண்டும் என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் அறியப்பட்டிருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்காகக் கடலில் ஆடிவந்த வெளிறிய பியர் அவ்வாறு செய்யப்பட்டதே. 'இந்தியா பேல் ஏல்' என்று பிற்காலத்தில் பெயர் பெற்றதும் அதுவே. கென்றின் கோல்டிங், ஃபகிள், பொகீமியாவின் சாஸ் என்னும் இனங்கள் பெரிதும் மதிக்கப்பட்டன. மண்ணும் மூலிகையும் கலந்தாற்போன்ற அடக்கமான மணமே உயர்ந்ததென்று கருதப்பட்டது.

இக்கருத்து மாறிய வரலாறு சுவையானது. கனடாவின் மனிற்றோபாவில் வளர்ந்த காட்டு ஹொப்பின் துண்டு ஒன்று, 1916இல் இங்கிலாந்தின் வை விவசாயக் கல்லூரிக்கு வந்தது. பேராசிரியர் சால்மன் அதன் வழித்தோன்றலை வளர்த்துத் தேர்ந்து, 1934இல் 'புரூவர்ஸ் கோல்ட்' என்ற பெயரில் வெளியிட்டார். கசப்பாற்றல் மிகுந்திருந்தும், அதன் பழவாசனையை 'அமெரிக்க வாடை' என்று ஆங்கிலேயர் முகஞ்சுளித்தனர். 1972இல் அமெரிக்காவில் வெளியான 'காஸ்கேட்' தோடம்பழ வகைகளின் மணத்தை விரும்பத்தக்கதாக்கியது. 2007இல் வெளிவந்த 'சிட்ரா' உலகப் புகழ் பெற்றது. அதன் மரபில் புரூவர்ஸ் கோல்டின் பங்கும் சிறிது உண்டு. பாட்டன் காலத்தில் குறையென ஒதுக்கியதையே பேரன் காலத்தில் விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

இம்மாற்றத்தின் உச்சமே, அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் தோன்றிய கலங்கிய, பழச்சாறு போன்ற பேல் ஏல். அமெரிக்க பியர் காய்ச்சுவோர் சங்கம் 2018இல் இதைத் தனி வகையாகவே ஏற்றது. இதற்கு ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பர். அவற்றின் புரதம் ஹொப்பின் துவர்ப்புப் பொருளோடு கூடிப் பானத்தைக் கலங்கச் செய்கிறது. பூவின் பெரும்பகுதியைக் காய்ச்சி முடிந்த பின்னரே இடுவர். ஆதலின், கசப்பாற்றலை விட எண்ணெயின் மணத்தைக் கண்டே இனம் தேர்வர். சிட்ரா தோடை மணம் தரும்; 'மொசைக்' மாம்பழத்தையும், அவுஸ்திரேலியாவின் 'கலக்சி' கொடித்தோடையையும், நியூசிலாந்தின் 'நெல்சன் சோவின்' வெள்ளைத் திராட்சையையும் நினைவூட்டும். ஒன்றை முதன்மையாகவும் மற்றொன்றைத் துணையாகவும் கொள்வதும், புதிதாகக் குளிரில் காத்த பூவையே வாங்குவதும், காற்றுப் படாமல் காப்பதும் அறிந்தோர் முறை. காற்றுப் பட்டால் நிறம் கறுத்து மணம் மங்கிவிடும்.

இம்மணத்தின் இரகசியம் மலையகத்துக்குப் புதியதன்று. ஹொப்பின் மணத்துக்குக் காரணமான லினலோல், ஜெரனியோல் என்னும் பொருள்கள் தேயிலையின் நறுமணத்திலும் உள்ளன. திம்புளைக் கொழுந்துக்கும் ஊவாக் கொழுந்துக்கும் உள்ள வேற்றுமையை நாவால் அறியும் தேயிலைச் சுவைஞர், ஹொப் வணிகரின் மேசையிலும் தடுமாறமாட்டார். கொழுந்தைப் பறித்தவுடன் வாட்டி உலர்த்துவது போல, பூவையும் பறித்தவுடன் சூளையில் உலர்த்துகிறார்கள். இரண்டிலும் ஒருநாள் தாமதம் பெருநட்டம்.

இன்னும் ஓர் ஒற்றுமை உண்டு. கென்றின் பூவைப் பறிக்க ஆண்டுதோறும் இலண்டனின் ஏழைக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு சென்று, வரிசைக் குடிசைகளில் வாரக்கணக்கில் தங்கின. பறித்த அளவுக்கே கூலி. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திரம் வந்து அவ்வழக்கத்தை முடித்தது. அவர்கள் பறித்த பூ மலையேறி வந்த ஊரில், தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் லயன் அறைகளில் வாழ்ந்து கொழுந்து கிள்ளினர். துரைமாரின் கிண்ணத்தில் இருவர் உழைப்பும் சந்தித்தது. பறித்த கைகள் ஒன்றையொன்று அறிந்ததில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு அக்கிண்ணம் எட்டாததாயினும், கள்ளும் சாராயமும் எட்டும் தூரத்திலேயே இருந்தன. கூலி நாளில் கடைக்குப் போன பணம் அடுப்புக்கு வராமற்போன குடும்பங்கள் பல. 1912இல் மதுவரிச் சட்டம் இயற்றப்பட்டபோது, மதுக்கடைகளை எதிர்த்து நாடெங்கும் இயக்கம் மூண்டது. அனுமதிப் பத்திரமின்றி மது உற்பத்தி செய்வது இலங்கையில் குற்றம். ஆதலின், பிற நாடுகளில் வீட்டுப் பொழுதுபோக்காக நடக்கும் இக்கலை இங்கே அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகுமேயன்றிக் கைக்கொள்ள வேண்டிய தொழிலாகாது.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பியர் வடிக்கும் வேலை மலையிலிருந்து பியகமைக்கு இறங்கிவிட்டது. நுவரெலியாவில் எஞ்சியிருப்பது கொழுந்தின் மணம். ஹொப்புக்கு வந்த காலமாற்றம் தேயிலைக்கும் வரலாம். ஒரு தலைமுறை தள்ளிய சுவையை மறுதலைமுறை தேடலாம். எந்த மணம் மதிக்கப்பட்டாலும், அதைப் பறித்துத் தந்த கைக்கு உரிய மதிப்புக் கிடைத்ததா என்று கேட்பதே வரலாற்றைப் படிப்போர் கடமையாகும்.